மிச்ச மருந்து

சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் மாத்திரை ஞாபகத்துக்கு வராது, வெடிமருந்துதான். பட்டாசு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்த அம்மா அடிக்கடி சொல்வார்: “கலந்த மருந்த அன்னைக்கே தீத்துரணும். மிச்சம் வச்சா ராத்திரி சும்மா இருக்காது.” உண்மைதான். மிஞ்சிய கலவையில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

போன வருடம் அம்மாவுக்குத் தீராத முதுகுவலி. பரிசோதனையில் மல்டிபிள் மைலோமா என்றார்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய். விருதுநகரிலிருந்து வாரம் ஒருநாள் மதுரைக்கு பஸ். வயிற்றில் போர்டிசோமிப் ஊசி.

“இது என்ன செய்யும் டாக்டர்?” என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார்.

நம் செல்கள் ஓயாமல் புரதம் தயாரிக்கின்றன. பழுதானதும், வேலை முடிந்ததுமான புரதங்கள்மீது ‘யுபிக்விட்டின்’ என்ற குட்டிப் புரதம் சீட்டு மாதிரி ஒட்டப்படும். சீட்டு விழுந்த புரதத்தை ‘புரோட்டியசோம்’ என்ற பீப்பாய் வடிவ அரவை மிஷின் துண்டு துண்டாக நறுக்கிவிடும். துண்டுகள் புதுப் புரதம் செய்ய உதவும். இந்தச் சீட்டு ரகசியத்தைக் கண்டுபிடித்த இஸ்ரேலின் சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, அமெரிக்காவின் இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மைலோமா செல் அளவுக்கு மீறிப் புரதம் தயாரிப்பதால், கழிவும் அதிகம். ஊசி மருந்து அந்த மிஷினின் பல்லைக் கட்டிப்போடும். கழிவு தேங்கி, செல் செத்துப்போகும்.

பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். “அப்ப, மிச்ச மருந்த உள்ளயே தேங்க விட்டு அந்த ரூமையே காலி பண்றாக. அப்படித்தான தாயி?”

அப்படியேதான்.

நாலாவது மாதம், பஸ் ஸ்டாண்டில் அம்மாவின் ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை.

“எத்தன நாளா இப்படி?”

“ஒரு மாசமா காலு மரத்துப்போகுது. சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாகளோன்னு…”

நரம்புகளைப் பாதிப்பது இந்த ஊசியின் தெரிந்த பக்கவிளைவு. முன்பே சொல்லியிருந்தால் முன்பே அளவைக் குறைத்திருக்கலாம் என்றார் டாக்டர். ஊசியை நிறுத்தவில்லை; அளவை மட்டும் குறைத்தார்.

திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “மிச்சத்த மறைச்சு வைக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நானு.”

இப்போது ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால், எங்கே மரத்தது, எங்கே எரிந்தது என்று அவரே சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.