கரடியூரில் ஒரு கொலை

கரடியூர் வியூ பாயிண்டில் மனைவியை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து ஜூனியர் போன். "சார், வெப் சர்வர் நகரவே மாட்டேங்குது. சிபியு 100 சதவீதம்! கில் மைனஸ் 9 அடிச்சாலும் ஒரு நிமிஷத்துல மறுபடி வருது!"

ரத்தபீஜன் வம்சம் போலிருக்கிறது.

"கொலை அப்புறம். பெத்தவன் யாருன்னு பாருப்பா" என்றேன். 'பிஎஸ்' பட்டியலில் நாற்பது பேர். எல்லாம் ஒரே ஸ்கிரிப்ட், கிரான் பெற்ற பிள்ளைகள். நிமிஷத்துக்கு ஒன்றைக் கிளப்பிவிடும். முந்தினது முடிந்ததா என்று கேட்காது. லாக் ஃபைல் பெருத்து வேலை இரண்டு நிமிஷம் இழுத்ததும், கும்பல் சேர்ந்துவிட்டது. 'எஃப்லாக்' பூட்டு போட்டு, மிச்சத்தை 15-ஆம் நம்பரால் மரியாதையாக அனுப்பச் சொன்னேன். (2019 ஜூலை 2-ல் ஒரே ஒரு தப்பான விதியால் கிளவுட்ஃபிளேரே 27 நிமிஷம் சிபியு முட்டித் திணறியது. நாமெல்லாம் எம்மாத்திரம்!)

கிரானில் அந்த வரியை எழுதினது யார் என்று ஜூனியர் கேட்கவில்லை. மனைவி கேட்டாள்.

ஹி... ஹி... லீவுக்கு முந்தின நாள், அவசரத்தில், நான்தான்.