குளக்கரையும் கடற்கரையும்

கடலை நாங்கள் அறிந்ததெல்லாம் கருவாட்டின் வழியாகத்தான். மாத்தளை மலைச்சரிவில், லயத்துக் காம்பிராவொன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கிய கால் கிலோ நெத்தலியின் மணமே கடலாக இருந்தது. பின்னர் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றபோது நெய்தல் திணையைப் படித்தேன். புன்னையும் தாழையும் மனப்பாடமாயின. அலையின் ஓசையை மட்டும் கேட்டதில்லை.

இன்று நான் கற்பிக்கும் மாணவர் பலரின் நிலையும் அதுவே. ஆதலால், சென்ற விடுமுறையில் பத்தாந்தர மாணவர் நாற்பது பேரைத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றோம். பஸ் கட்டணத்தையே மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டியிருந்தது. கடைச் சாப்பாட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை. பகலுணவை அவரவர் வீட்டிலிருந்தே கட்டிவரச் சொன்னேன்.

விடியுமுன் புறப்பட்ட பஸ், அலுவிகாரையைக் கடந்து தம்புள்ளையை நோக்கி ஓடியது. இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள். மிளகுக் கொடியையும் கொக்கோ மரத்தையும் காண உல்லாசப் பிரயாணிகள் வந்திறங்கும் சாலை இது. ஆனால் இதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காட்டினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியிலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் மாண்டவர் பலர். அந்நடையின் நினைவாக, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது.

இதைச் சொன்னபோது முன்னிருக்கையிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப, வந்த வழியாவே திரும்பிப் போறோமா சேர்?”

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆயினும் ‘திரும்பிப் போதல்’ எங்கள் வீடுகளில் இலேசான சொல் அன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. என் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிப் போனது நான் பிறக்குமுன். அவர் முகத்தை நான் கண்டதில்லை. கடல் எங்களுக்குக் கருவாடு மட்டுமன்று, பிரிவும்தான் என்பதை அக்கேள்விக்குப் பின்னரே எண்ணிப் பார்த்தேன்.

முற்பகலில் கந்தளாய்க் குளத்தை அடைந்தோம். குளமென்று சொன்னாலும் கண்ணுக்கு அது கடலே. “இதுதான் கடலா?” என்று சிலர் ஆரவாரித்தனர். இதைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது தமிழர் மரபு. ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டினான் என்பது சிங்களவர் கூறும் வரலாறு. மண் சுமந்தவர் பெயரை இரு தரப்பாரும் சொல்வதில்லை.

சாலையோரம் சட்டிச் சட்டியாக எருமைத் தயிர். பக்கத்தில் குளத்து மீன் பொரியும் மணம். நிழலில் அமர்ந்து உணவு உண்ணலாமென்றேன். ஒருவரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அருகே நின்ற காரில் வந்தவர்கள் தயிரும் கித்துள் பாணியும் உண்டுகொண்டிருந்தனர். எல்லாப் பொட்டலங்களிலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலுமே இருந்தன. அந்த வெட்கம் எனக்கு நன்கு தெரியும். பல்கலைக்கழகத்தின் முதல் மாதத்தில் என் ரொட்டியை மறைவில் நின்று தின்றவன் நான்.

என் பொட்டலத்தை எல்லார் முன்னும் பிரித்தேன். தயிர் விற்ற சிங்களப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“ரொட்டியா மாத்தயா? எங்க வீட்டுலயும் காலையில இதுதான். ஒண்டு தாங்க, நான் தயிர் தாரேன்.”

பண்டமாற்று தொடங்கிற்று. மீன் துண்டுகளும் வந்தன, ரொட்டிகளும் கைமாறின. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் இக்குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். அவ்வெள்ளத்தில் தன் பிறந்த வீடும் போனதென்றாள். இந்த நீரே வயலுக்கும் எருமைக்கும் தனக்கும் சோறிடுகிறது என்றும் சொன்னாள். பிள்ளைகள் பேசாமல் கேட்டிருந்தனர்.

பிற்பகலில் திருகோணமலை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் முகம் கழுவினோம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தழித்து, பிற்காலத்தில் மீண்டெழுந்த கோணேசர் கோயிலைச் சுவாமிமலையில் வணங்கினோம். ஆனால் பிள்ளைகளின் கண்கள் கீழே அலைமோதும் நீலத்தைவிட்டு அகலவில்லை.

உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையன்கள் கேளாமலே கயிற்றைப் பற்றினர். வலையில் வந்தது சிறிதளவு சூடை மீனே. 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் பலரைப் பறிகொடுத்த கரை இது. மணலில் நெத்தலி உலர்த்திக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி கேட்டாள்:

“எந்த ஊர்ப் பிள்ளையள்?”

“மாத்தளை. தேயிலைத் தோட்டம், ஆச்சி.”

“ஓ! எங்கட கருவாட்டைத் தின்னுற ஆக்கள். நாங்க உங்கட தேயிலையைக் குடிக்கிறம்.”

அவள் சிரித்தாள். உப்பு வெடித்த அவள் விரல்களைக் கண்டபோது, கொழுந்துக் கறை படிந்த என் தாயின் விரல்கள் நினைவுக்கு வந்தன. ‘கருவாட்டுக்கு என்ன விலை கிடைக்கிறது?’ என்று கேட்டேன். அவள் சொன்ன தொகைக்கும் எங்கள் தோட்டத்துக் கடைவிலைக்கும் இடையே பெரும் தூரம் இருந்தது. தேயிலைக்கும் அவ்வாறே. பறித்தவளும் உலர்த்தியவளும் விலை சொல்வதில்லை. இடையில் நிற்பவர் சொல்கிறார்.

கேள்வி கேட்ட மாணவி, கைச்செலவுக்கு வைத்திருந்த பணத்தில் அரைக் கிலோ நெத்தலி வாங்கினாள். ஆச்சி இரண்டு பிடி அள்ளிப் போட்டாள். மாணவி, மிஞ்சியிருந்த ஒரு ரொட்டியை அவளிடம் நீட்டினாள். ஒளித்து அல்ல, எல்லாரும் பார்க்க.

அழகிய இடங்களைப் பார்ப்பது நன்று. அங்கு உண்பதும் நன்று. ஆனால் அந்த உணவு எந்தக் கைகளின் வழியே வந்ததென்று அறியாதவன் பாதியே பார்த்தவனாவான். இரவு மாத்தளைக்குத் திரும்பும்வரை பஸ் முழுதும் கருவாட்டு மணம். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.