ஜூரி நாற்காலிகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்றொரு சிற்றூர். நடுவே மரங்கள் சூழ்ந்த புல்வெளி. அதில் 1891இல் எழுப்பிய செங்கல் நீதிமன்றம், கடிகாரக் கோபுரத்தோடு. இப்போதும் வழக்கு நடக்கிற இடம்தான். இன்று அமர்வு இல்லை. மாடியில் விசாரணைக்கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

உயரமான ஜன்னல்கள். மரத்தரையில் வெயில் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது. நீதிபதி மேடை, வழக்கறிஞர் மேசைகள், மரத் தடுப்பு, இந்த இருக்கைகள், எல்லாமே பழையவை. ஒரு முதியவர் வருகிறார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். நீதிபதி மேடையைப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார். ஜூரி நாற்காலிகள் பக்கம் அவர் பார்வை போகவில்லை. எனக்குக் கண் அங்கேயே நிற்கிறது.

1925 ஜூலை. பரிணாமக் கொள்கையைக் கற்பித்து மாநிலச் சட்டத்தை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது வழக்கு. அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், எதிரே கிளாரன்ஸ் டாரோ. சிகாகோ வானொலி இங்கிருந்தே நேரடியாக ஒலிபரப்பியது. எங்கெங்கோ இருந்தவர்கள் கேட்டார்கள், ஜூரிகள்தான் கேட்கவில்லை. சட்ட வாதம் எழும்போதெல்லாம் அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். புழுக்கம் ஒருபுறம், கூட்டத்தின் பாரத்தில் தரை இடிந்துவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். ஜூலை 20 அன்று நீதிபதி விசாரணையைப் புல்வெளிக்கு மாற்றினார். அங்கேதான் டாரோ, பிரையனையே சாட்சியாக்கி, பைபிளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இன்றளவும் பேசப்படும் அந்தக் குறுக்கு விசாரணையின்போதும் ஜூரிகள் அங்கில்லை.

மறுநாள் அழைத்தார்கள். பெரும்பாலும் உழவர்கள். சுமார் ஒன்பது நிமிடத்தில் குற்றவாளி என்று சொன்னார்கள். 100 டாலர் அபராதத்தை நீதிபதியே விதித்தார். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததற்கு டார்வினோ பைபிளோ காரணமில்லை. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகளே நிர்ணயிக்க வேண்டும் என்கிறது டென்னசி அரசமைப்பு. வாதம் நடந்தபோதெல்லாம் எழுப்பி அனுப்பப்பட்டவர்களின் அந்த உரிமையில்தான் தண்டனை கவிழ்ந்தது.

கீழே புல்வெளியில் பிரையனுக்குச் சிலை இருக்கிறது. 2017இல் டாரோவுக்கும் வைத்தார்கள். இருவருக்கும் இடம் கொடுத்த ஊரை மதிக்கிறேன். இந்த நாற்காலிகளைக் காப்பாற்றி வைத்திருப்பதற்காக இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.