மணலின்னா குலு மணாலி இல்லீங்க

புதுசா யார்கிட்டயாவது "நமக்கு மணலிங்க"ன்னு சொன்னா ரெண்டு விதமான பதில் வரும். வடக்கத்தி ஆளா இருந்தா "அடடே, பனி விழுமே!"ம்பாங்க. தென்சென்னை ஆளா இருந்தா மூக்கைப் பொத்திக்காத குறையா ஒரு பார்வை. பனியெல்லாம் விழாதுங்க. மார்கழி விடியக்காலைல விழுற மாதிரி இருக்கும், ஆனா அது வேற :-)

இதெல்லாம் பழகிப்போச்சு. ஆனா அத்தை பையன் சொன்ன பதில்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவனுக்கு போலந்துல கிராகோவ் நகரத்துல பொட்டி தட்டுற வேலை. லீவுக்கு வந்திருந்தப்ப அவன் பொண்ணு, பத்து வயசு, "அப்பா, உங்க ஊர்ல என்ன பார்க்கலாம்?"னு கேட்டுச்சு. மெரினா, மகாபலிபுரம், வண்டலூர்னு வரிசையா அடுக்கினான். "அது இல்லப்பா, உங்க ஊர். மணலி."

"இங்க ஒண்ணும் இல்லம்மா."

பதினெட்டு வருஷம் இதே மண்ணுல புரண்டு வளர்ந்தவன் சொல்ற பேச்சா இது? எனக்குச் சுருக்குனு இருந்துச்சு.

இதே ஆளு கிராகோவ் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். விஸ்துலா ஆத்தங்கரை, கரை மேல வாவெல் கோட்டை, 1257ல திட்டம் போட்டுக் கட்டின சந்தைச் சதுக்கம். யுனெஸ்கோ 1978ல முதல் பட்டியல் போட்டப்ப வந்த 12 இடத்துல அதுவும் ஒண்ணு. மாதா கோயில் கோபுரத்துலேருந்து மணிக்கு ஒருதரம் ஒருத்தர் எக்காளம் ஊதுவாராம், பாதியில டக்குனு நிறுத்திடுவாராம். 1241ல தாத்தாரியர் படை வந்தப்ப ஊரை எழுப்ப ஊதின காவல்காரன் தொண்டையில அம்பு பாஞ்சுச்சு, அதை நினைச்சுத்தான் பாதியில நிறுத்துறதுன்னு கதை. நடந்ததோ இல்லையோ, ஊருக்கே கதை தெரிஞ்சிருக்கு. கிழக்கால நோவா ஹூட்டான்னு ஒரு உருக்காலைப் பேட்டை, 1949ல ஆரம்பிச்சது. அந்தப் புகை பட்டு பழைய சிலையெல்லாம் அரிச்சுப்போச்சாம். இன்னிக்கு அந்தப் பேட்டையையும் சுற்றுலாப் பயணிங்க காசு குடுத்துச் சுத்திப் பாக்குறாங்க.

கேட்டுக்கிட்டே இருந்தேன். ஆறு, பழைய ஊர், கோயில், அதை ஒட்டி ஆலை, புகை. டேய், இது நம்ம ஊர்டா! கொசஸ்தலை ஆறு, திருவொற்றியூர், மணலி. இங்க எக்காளம் ஊத ஆள் இல்ல, அவ்ளோதான். "நாளைக்கு நாலரைக்கு ரெடியா இரு, பாப்பாவையும் எழுப்பு"ன்னு சொல்லிட்டேன். மொறைச்சான். மச்சான்ங்கிற உரிமைதான்.

விடியறதுக்கு முன்ன நெட்டுக்குப்பம். எண்ணூர்ல கடலுக்குள்ள நீட்டி, உடைஞ்சு நிக்குதே ஒரு பழைய பாலம், அங்க. கேமராவும் முக்காலியுமா நாலஞ்சு பேர் எங்களுக்கு முன்னாடியே நின்னாங்க. உடைஞ்ச தூண்களுக்கு நடுவுல சூரியன் வந்தப்போ பொண்ணு பேசவே இல்ல. அவங்கப்பன் மட்டும் "இது எப்பல்லேருந்துடா இங்க இருக்கு?"ன்னான். நல்லா வாயில வந்துச்சு, குழந்தை இருந்ததால விட்டுட்டேன்.

அங்கேருந்து முகத்துவாரம். தெரிஞ்ச மீனவர் அண்ணன் ஒருத்தர் ஃபைபர் படகுல ஏத்திக்கிட்டாரு. கொசஸ்தலை கடல்ல சேர்ற இடம். தெற்கேருந்து பக்கிங்காம் கால்வாய் வந்து சேருது. 1806ல மெட்ராஸ்லேருந்து எண்ணூருக்குத்தான் அந்தக் கால்வாயோட முதல் துண்டை வெட்டினாங்க. 1870கள்ல தாது வருஷப் பஞ்சத்தப்ப நிவாரண வேலையா நீட்டினதுக்கு அப்புறந்தான் பக்கிங்காம்ங்கிற பேரு. வெள்ளைக்காரத் துரைங்க காத்து வாங்கவும் படகு விடவும் எண்ணூர் வருவாங்களாம். இப்ப எண்ணூர்னா யாராவது காத்து வாங்க வருவாங்களா, சொல்லுங்க.

படகுல போனா ஊரே வேற மாதிரி இருக்கு. ஒரு பக்கம் அலையாத்திச் செடி, அதுல நாரையும் நீர்க்காகமும். இன்னொரு பக்கம் ஆளுயரப் புகைபோக்கியெல்லாம் இல்ல, அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற அனல்மின் நிலையம். நடுவுல இடுப்பளவு தண்ணியில சில பேர் நின்னுக்கிட்டு, கையை உள்ள விட்டுத் தடவித் தடவி இறால் பிடிக்கிறாங்க. வலை கிடையாது. பிடிச்சதைப் போட வாயில ஒரு பறியைக் கடிச்சுக்கிறாங்க. பொண்ணு கண்ணு விரிஞ்சது பாருங்க! கிராகோவ்ல கயாக் விட்டிருக்காம், இதைப் பார்த்ததில்லையாம்.

"இந்த எடத்துல நான் சின்னப் பையனா இருக்கச்சொல்ல ஆள் முங்குற ஆழம் பாப்பா"ன்னாரு அண்ணன். துடுப்பை நட்டுக் காமிச்சாரு. பாதிகூட முங்கல. கீழேருந்து வந்தது சாம்பல் நிறச் சேறு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் வருஷக்கணக்கா ஆத்துல படிஞ்சது. மடவை, நண்டு எல்லாம் உண்டு, ஆனா அளவு குறைஞ்சுபோச்சுன்னாரு. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதிக் கொட்டின எண்ணெயை எர்ணாவூர் கரையில வாளியில அள்ளினதை டிவில பார்த்திருப்பீங்க. 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வெள்ளத்தோட சேர்ந்து மணலிப் பக்கத்துலேருந்து எண்ணெய்க் கழிவு இதே முகத்துவாரத்துக்கு வந்துச்சு. படகு, வலை, கொக்கு எல்லாம் கறுப்பு. அந்தப் படகுல ஒண்ணுலதான் நாங்க உட்கார்ந்திருந்தோம். தேய்ச்சும் போகாத கறை ஓரத்துல இன்னும் இருக்கு.

என் கோபம் என்னன்னா, "இங்க ஒண்ணும் இல்ல"ங்கிற வார்த்தையாலதான் இதெல்லாம் இங்க வந்து சேர்ந்துச்சு. ஒண்ணும் இல்லாத இடத்துலதானே குப்பை கொட்டுவாங்க? 2017ல டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்துச்சே, அது நம்ம எண்ணூர்ப் பாட்டுதான். வெளியூர்ல இருக்கிற எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு ஆறு இருக்கிறதே அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அதுகூடத் தெரியல.

சரி, புலம்பல் போதும். பத்து மணிக்கெல்லாம் ஒற்றியூர் கோயில்.

தியாகராஜர், வடிவுடையம்மன் பத்தி நான் சொல்லி உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. நான் பொண்ணைக் கூட்டிப் போனது மூலவர் சன்னதிக்குப் பின்பக்கம். யானை படுத்திருக்கிற மாதிரி பின்பக்கம் வளைஞ்ச விமானம், தூங்கானை மாடம். ராஜேந்திர சோழன் காலத்துல இதைக் கருங்கல்லால கட்டினவர் பேரு கல்வெட்டுல இருக்கு: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு ரவி! "எங்க ஸ்கூல்லயும் ஒரு ரவி இருக்கான்"னு சொல்லிட்டு கல்லைத் தடவிப் பார்த்துச்சு.

மகிழ மரத்துக்கிட்ட சுந்தரர் கதை. சங்கிலியாரைக் கட்டிக்க "உன்னைப் பிரிய மாட்டேன்"னு சத்தியம் பண்ணணும். சன்னதியில சத்தியம் பண்றப்போ நீ கொஞ்சம் மகிழ மரத்துக்குப் போயிடுன்னு சாமிகிட்டயே பேரம் பேசிட்டார். சாமி சும்மா இருப்பாரா? சங்கிலியார் கனவுல போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலயே வாங்குன்னு போட்டுக் குடுத்துட்டார். சத்தியம் மீறி ஊரைத் தாண்டினப்போ சுந்தரருக்குக் கண்ணு போச்சு. பொண்ணு கட்சி சங்கிலியார் கட்சி. "ரெண்டு பேருமே சீட்டிங்" (சுந்தரரும் சிவனும்)னு தீர்ப்பு சொல்லிருச்சு.

ஆனா நான் சேர்த்து வச்சிருந்தது இன்னொரு கதை. 949ல தக்கோலத்துல சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலயே செத்தான். அவன் உயிர்த் தோழன் வல்லபன்னு ஒரு கேரளத்து வீரன். அன்னிக்கு அவன் பக்கத்துல இல்ல. கூடச் சாகலையேங்கிற வெட்கத்துல எல்லாத்தையும் உதறி, கங்கையில முங்கி, கடைசியா வந்து சேர்ந்தது இந்த ஒற்றியூருக்கு. இங்க நிரஞ்சன குருகிட்ட சன்னியாசம் வாங்கி சதுரானன பண்டிதர் ஆனான். இதுவும் இந்தக் கோயில் கல்வெட்டுதான். சோழனைத் தோற்கடிச்ச ராஷ்டிரகூட மூணாம் கிருஷ்ணனோட ஆட்சிக் கணக்கை வச்சு வெட்டினது! தக்கோலத்துப் பக்கமா ஓடி வர்ற அதே கொசஸ்தலைதான் காலைல நாங்க போன முகத்துவாரத்துல கடலைச் சேருது. வல்லபன் ஆத்தோட போக்குலயே நடந்து வந்திருப்பானோன்னு எனக்கு ஒரு நினைப்பு. சரித்திரம் படிச்சவங்க அடிக்க வராதீங்க, நினைப்புதான்.

இதைச் சொன்னப்போ பொண்ணு கேட்டுச்சோ இல்லையோ, அத்தை பையன் கேட்டான். ரொம்ப நேரம் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். இருவது வருஷமா வெளியூர்ல இருக்கிறவனுக்கு அந்தக் கதையில எது தட்டுச்சுன்னு நான் கேட்கல. எங்க அத்தை போனப்போ இவனால நேரத்துக்கு வர முடியல, அது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் பட்டினத்தார் சமாதி போய்ட்டு, கடலோரம் அலைதடுப்புக் கல்லு மேல உட்கார்ந்து சுண்டல் தின்னுட்டு மணலி திரும்பினோம். இருட்டிட்டா ஆலைக் குழாய் உச்சியில நெருப்பு எரியறது நல்லாத் தெரியும். சின்ன வயசுல எங்களுக்கு அதுதான் கலங்கரை விளக்கம், அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிப்போம். அதை அவன்தான் பொண்ணுக்குச் சொன்னான், நான் வாயே திறக்கல.

பழவேற்காடு போக நேரம் இல்ல. டச்சுக்காரன் கல்லறையும் பூநாரையும் அடுத்த தடவைக்கு.

வர்றவங்களுக்கு ஒரு சேதி. ஆதிபுரீஸ்வரர் வருஷம் முழுக்கக் கவசத்துலதான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசம் எடுத்துப் புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவாங்க. கூட்டம் நெட்டித் தள்ளும், விடியக்காலைல வந்துடுங்க. மெட்ரோவுல திருவொற்றியூர் தேரடியில இறங்குங்க, அங்கேருந்து முகத்துவாரத்துக்கு என் வண்டி இருக்கு. படகுக்கார அண்ணன்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வைக்கணும், அவரு மீன் பிடிக்கிற நேரத்துல நாம போய் நிக்கக் கூடாது.