கட்டங்களில் ஓடும் நீர்

நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால், ஒரு வட்டாரத்தில் இரவு முழுதும் பெருமழை பெய்தால், அந்நீர் எந்தத் தெரு வழியே சென்று எந்த ஏரியை எப்போது சேரும் என்று கேட்டால், கற்றறிந்தவரும் சற்றே தயங்குவர். இவ்வினாவிற்கு விடை காண்பதற்கென்றே அமைந்த கணினி மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் கிராஸ் என்பது ஒன்று. 1980களில் அமெரிக்கப் படைத்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் தோன்றிய அது, இன்று பல நாட்டு அறிஞர்களால் பேணப்பெற்று, எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. அதனோடு சில காலம் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மாணவர்களே, அம்மென்பொருள் நிலத்தை நம்மைப்போல் காண்பதில்லை. வயலும் தோப்பும் வீதியும் அதற்கு ஒரு பெரிய கட்டத்தாளே. கட்டந்தோறும் ஓர் எண் இருக்கும். கடல் மட்டத்திற்கு மேல் அவ்விடம் எத்தனை மீட்டர் உயரம் என்பதை அவ்வெண் கூறும். உலகம் முழுவதையும் இவ்வாறு அளந்தவர் யாவர் என்று நீங்கள் வியக்கலாம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எண்டெவர் என்னும் அமெரிக்க விண்ணோடம், 60 மீட்டர் நீளமுள்ள கம்பம் ஒன்றை வானில் நீட்டியபடி, பதினொரு நாள் உலகைச் சுற்றி வந்தது. அது ரேடார் அலைகளைப் பாய்ச்சி, மீண்டு வந்த அலைகளைக் கொண்டு, உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கின் மேடுபள்ளங்களை அளந்துவிட்டது! அவ்வளவுகளை இன்று 30 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாக நாம் பெறலாம். ஒரு சதுரக் கிலோமீட்டரில் அத்தகைய கட்டங்கள் 1,100க்கு மேல் அடங்கும்.

இனி நீரை ஓடவிட வேண்டும். சதுரங்கத்தில் அரசன் ஒரு முறையில் சென்று அடையத்தக்க கட்டங்கள் எட்டு. நீருக்கும் அவ்வெட்டே வழி என்று கொண்டு, 1984ஆம் ஆண்டில் ஓகாலகன், மார்க் என்னும் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். எட்டுக் கட்டங்களுள் எதை நோக்கிச் சரிவு மிகுதியோ அதற்கே நீர் செல்லும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கிழக்குக் கட்டமும் தென்கிழக்கு மூலைக் கட்டமும் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் நீர் எங்கே செல்லும்? கிழக்கே செல்லும். கிழக்குக் கட்டத்தின் நடுவிடம் 30 மீட்டர் தொலைவில் உள்ளது. மூலைக் கட்டத்தின் நடுவிடமோ 42 மீட்டருக்கும் அப்பால் உள்ளது. தொலைவு கூடினால் சரிவு குறையும் அன்றோ?

ஒவ்வொரு கட்டத்திற்கும் எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டே செல்லும். எண்ணிக்கை மிகுந்த கட்டங்கள் நீலநிறம் பெற, யாரும் வரையாத ஓடைகளும் ஆறுகளும் திரையில் தாமே கிளைத்து எழும். முதன்முதலாக அதைக் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

நீரின் அளவையும் நீங்களே கணக்கிடலாம். ஒரு கட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டர் நீர் சேரும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதன்படி ஒரு கட்டத்தின் நீர் மட்டும் 4,41,000 லிட்டர்! மண் தரையாயின் ஒரு பகுதியை உறிஞ்சும்; சிமெண்டுத் தரை உறிஞ்சாது. புல் நீரின் விரைவைத் தடுக்கும், தார்ச்சாலை தடுக்காது. இவற்றையும் கட்டந்தோறும் நாம் எழுதித் தருதல் வேண்டும்.

இவ்வளவு திறம் வாய்ந்த கருவிக்கும் புலப்படாத பொருள் ஒன்று உண்டு. அது நம் ஏரி.

ரேடார் அளவையில் சிறு பிழைகள் நேர்வது இயல்பு. மரத்தின் உச்சியையும் வீட்டின் கூரையையும் அது தரையென்றே கொள்ளும். அதனால் இல்லாத குழிகள் பல தாளில் தோன்றும். குழியில் விழுந்த நீர் மேலே செல்ல வழியின்றி நின்றுவிடும். ஆகையால், குழிகளையெல்லாம் விளிம்பு மட்டத்திற்கு நிரப்பிவிட்டுப் பிறகே நீரை ஓடவிடும் முறையை, 1988இல் ஜென்சன், டொமிங்கே என்னும் அறிஞர்கள் வகுத்தனர். கிராஸிலும் இதற்கென ஒரு கட்டளை உண்டு. மலைநாட்டிற்கு இது மிகவும் ஏற்றது. நம் செங்கற்பட்டுச் சமவெளியிலோ, பள்ளம் என்பது பிழையன்று. நீரை நிறுத்துவதற்கென்றே கரை கட்டி ஆக்கப்பட்டது. கணினி அதனை அறியுமா? ஏரியை நிரப்பித் திடலாக்கி, அதன்மேல் அடிகோல் கொண்டு வரைந்தாற்போல நேர்நேரான ஓடைகளை வரைந்து வைத்தது. சில அடி அகலமே உள்ள கரையும் வாய்க்காலும் 30 மீட்டர்க் கட்டத்தினுள் இருந்த இடம் தெரியாமல் மறைந்தன.

தாம்பரத்திற்குக் கிழக்கே செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிகள் தொடராக உள்ளன. ஒன்று நிரம்பினால் அதன் மிகுநீர் அடுத்ததற்குப் போகும். முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கிச் செல்லும். இவ்வட்டாரத்து ஏரி ஒன்றில் பல ஆண்டுகள் மடை திறந்து பாசனம் பார்த்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நான் கரைமீது நடந்தேன்.

"தம்பி, கலிங்கு இந்தக் கல் மட்டம். நீர் இதைத் தொட்டால் அந்தப் பக்கம் வழியும்" என்றார் அவர்.

"வழிந்த நீர் எவ்வழியே போகும், ஐயா?"

"அதோ, அந்தத் தெரு இருக்கிறதே, அதுதான் வாய்க்கால்."

நான் பார்த்தேன். இருபுறமும் மாடிவீடுகள், நடுவே சிமெண்டுச் சாலை. வாய்க்காலுக்குரிய அடையாளம் ஏதும் அங்கு இல்லை.

அவர் காட்டிய கலிங்கின் உயரத்தையும் கரையின் மட்டத்தையும் அளந்து கட்டங்களில் எழுதினேன். எஞ்சிய வாய்க்கால்கள் சென்ற கட்டங்களைத் தாழ்த்தினேன். சாலைமேட்டின் அடியில் பாலக்குழாய் உள்ள இடங்களையும் குறித்தேன். குறிக்காவிடில் கணினி அம்மேட்டையும் ஓர் அணையாகக் கொண்டுவிடும். பின்னர் மீண்டும் மழையைப் பொழியவிட்டேன். இப்போது ஏரி ஏரியாகவே நிரம்பியது; கலிங்கில் வழிந்தது; வழிந்த நீர் அத்தெருவின் வழியே இறங்கியது.

அப்படத்தைத் தாளில் அச்சிட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு நீலக்கோட்டின்மேல் விரலை வைத்து, அங்கே நிற்கும் வீடுகளை, குடியிருப்பவர் பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.