மாலைக்கோயில் கல்லும் ஊர்ப்பெயரும்

விளாத்திகுளம் உள்ளிட்ட தென்கரிசலில், கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணின் நினைவுக்கல்லை மாலைக்கோயில் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் அப்பி முகம் மழுங்கியிருந்தாலும், உயர்த்திய கையில் வளையல் தெரியும். எழுத்து இருந்தால் கல்வெட்டு ஆய்வாளர்கள் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பார்கள்.

ஊர்ப்பெயர்களுக்கு அந்தக் கவனிப்பு குறைவு. ரா.பி. சேதுப்பிள்ளை 1946-இல் ‘ஊரும் பேரும்’ என்ற நூலைத் தந்தார். 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணை, சில நாளில் திரும்பப் பெறப்பட்டது.

எந்தப் பட்டியலுக்கும் வராத பெயர்கள்தான் அதிகம். வேம்பார், வைப்பார் கரையில் ஓடைக்கும் ஊருணிக்கும் பெயருண்டு. கடலடியில் சிப்பி கிடக்கும் பாறைத்திட்டான பாருக்கும் உண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியிலாவது அவர்களுக்குத் தெரிந்த அந்தப் பெயர்களை இப்போதே பதிந்துகொள்ள வேண்டும்.