கண்ணாடியில் தெரியாத புகை

தொப்பூர் கணவாயில் வண்டி ஏற மறுத்த ராத்திரி நான் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். நாமக்கல்லில் ஏற்றிய முட்டை லோடு, பெங்களூருக்கு. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போனது. பின்னால் வந்த வண்டிகளின் லைட்கூட சைடு கண்ணாடியில் தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒற்றை லாரி வைத்திருப்பவர் அப்படிப் பேசாமல் இருந்தால் மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம்.

ஊர் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்காமல் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பழைய மெக்கானிக் அண்ணனிடம் போனோம்.

அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. "ஏனுங்ணா, ஐடில்ல நடுங்குதுங்களா? ரேடியேட்டர்ல தண்ணி குறையுதுங்களா?" என்று கேட்டார். நடுங்குகிறது, தண்ணி குறையவில்லை. தண்ணி குறைந்து வெள்ளைப் புகையும் வந்திருந்தால் இஜிஆர் கூலர் ஓட்டையா என்று பார்க்க வேண்டியிருக்குமாம்.

"கரும்புகைன்னா டீசல் எரியக் காத்து பத்தல, இல்லாட்டி டீசல் ஜாஸ்தி. காத்த மொதல்ல பாப்போம், அதுதான் செலவில்லாதது."

ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டர்போ ஹோஸை அடியில் விரலால் தடவினார், கிழிசல் இல்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். இஜிஆர் கோடு வந்தது. "கோடு தெருவைத்தான் சொல்லும், வீட்ட நாமதான் தேடணும்" என்று ஒயரையும் கனெக்டரையும் சோதித்தார். ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறந்து மூட வைத்தார். இன்ஜின் சத்தத்தில் துளி மாற்றம் இல்லை. கழற்றினார்.

அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு மாதிரி கரி. வால்வு பாதி திறந்தபடியே இறுகிக் கிடந்தது.

இன்ஜின் விட்ட புகையில் கொஞ்சத்தை அதன் மூச்சிலேயே திருப்பி அனுப்புவதுதான் இஜிஆரின் வேலை. எரியும் சூடு அதனால் தணியும். சூடு தணிந்தால் காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாவது குறையும். ஆனால் புகையிலுள்ள கரியும் ஆயில் ஆவியும் கலந்து வழியெல்லாம் பிசினாக ஒட்டும். வால்வு மூட முடியாமல் போனால், மேடேறும்போது காற்று வேண்டிய இடத்தில் பழைய புகை நிற்கும். எங்கள் வண்டி தன் மூச்சிலேயே திணறிக்கொண்டிருந்தது.

"கழுவித் தரேன். புது கேஸ்கட் போடணும், ஒரு நாள் ஆகும். மறுபடி அடைக்காதுன்னு சொல்ல மாட்டேன். சிலபேரு தகடு வெச்சு அடைச்சுடறாங்க. மீட்டர்ல லைட் எரியும், அதை அணைக்கவும் ஆளு இருக்குது."

அப்பா தகட்டின் பக்கம் சாய்வது தெரிந்தது. வேண்டாம் என்றேன்.

"ஏன் கண்ணு, புகை நின்னுடுமில்ல?"

நிற்கும். சிக்கலே அதுதான். தகடு வைத்தால் கரும்புகை போய்விடும், இழுவையும் வந்துவிடும். கூடுவது கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு. அது நுரையீரலை அரிக்கும், வெயில் பட்டால் ஓசோன் உருவாகவும் காரணமாகும். நம் ஊர் புகை சர்டிபிகேட்டுக்கு டீசல் வண்டியில் அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும். தகடு வைத்த வண்டி சுலபமாகப் பாஸாகிவிடும்.

"அப்ப நீ சொல்றது கண்ணுக்கும் தெரியாது, மிஷினுக்கும் தெரியாது."

ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை. ஒரு நாள் வாடகை போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்பா பீடியைப் பற்றவைக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். "லோடு எறக்க வரிசைல நிக்கறப்ப முன்னாடி வண்டிக்காரன் இன்ஜின ஆஃப் பண்ண மாட்டான். புகையே இருக்காது, ஆனா கண்ணு எரியும். இதுதானா அது?"

அதுவாக இருக்கலாம் என்றேன். அவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "கழுவிரு தம்பி."

அடுத்த வாரம் அதே தொப்பூரில் மூன்றாவது கியரிலேயே ஏறினோம். கண்ணாடியில் பின்வண்டிகளின் லைட் தெளிவாகத் தெரிந்தது. தகடு வைத்திருந்தாலும் இப்படித்தான் தெரிந்திருக்கும். அப்பாவுக்கும் அது தெரியும். கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டார்.